ஜொன்ஜு நகரில் மூன்று நாள்



சென்ற விடுமுறைக்கு நான் கொரியா போகிறேன் என்று தெரிந்ததும், எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், அங்கே சோறு கிடைக்குமா?" என்பதுதான். அம்மா விடியுமுன் ஆக்கி மூடி வைத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போனபின், தானே சோற்றைப் போட்டுத் தின்று, தம்பிக்கும் ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை அது. அதற்கு அந்தக் கேள்விதானே முதலில் தோன்றும்? கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனேன். எப்படிப்பட்ட சோறு கிடைத்தது, அதோடு என்னென்ன கண்டேன் என்பதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பயிற்சிக் கல்லூரியில் என்னுடன் படித்த தோழி ஒருத்தி. இருவரும் இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் புறப்பட்டோம். கொரியா என்றதும் எல்லாரும் தலைநகர் சியோலைத்தான் சொல்வார்கள். நாங்கள் அங்கே ஒரே ஓர் இரவுதான் தங்கினோம். மறுநாள் அதிவேக ரயிலேறி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தென்மேற்கே உள்ள ஜொன்ஜு என்னும் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர். ரயில் ஊரை நெருங்கும்போது இரண்டு பக்கமும் வயல்கள். அறுவடை முடிந்து, குளிரில் காய்ந்த தாளடியாகக் கிடந்தன. கொரியாவின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற சமவெளி அது. உணவுக்குப் பேர்போன ஊர்களின் வரிசையில் யுனெஸ்கோ நிறுவனம் 2012ஆம் ஆண்டு ஜொன்ஜுவையும் சேர்த்தது.

அவ்வூரின் பெயர் சொல்லும் உணவு பிபிம்பாப். பிபிம் என்றால் பிசைதல், பாப் என்றால் சோறு. அதாவது பிசைந்த சோறு. கனமான வெண்கலக் கிண்ணத்தில் சுடச்சுடச் சோறு போட்டு, அதன்மேல் கீரை, காரட், காளான், முள்ளங்கி, முளைகட்டிய சோயாப் பயறு என்று நிறம் நிறமாக வட்டமாய் அடுக்கி, நடுவில் முட்டையின் மஞ்சள் கருவை வைக்கிறார்கள். முளைப்பயறு என்றதும் நாம் சந்தையில் வாங்கும் தவுகே என்று எண்ணிவிடாதீர்கள். நம்முடையது பச்சைப்பயற்றின் முளை. அவர்களுடையது சோயாவின் முளை. தலை பெரியது, கடித்தால் நறுக்கென்று இருக்கும். பச்சைப்பயற்றை அவர்கள் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் மாவைக் காய்ச்சி, மஞ்சள் நிறமேற்றி, கட்டியாக உறைய வைத்து, துண்டு துண்டாய் நறுக்கிச் சோற்றின் மேல் வைக்கிறார்கள். இந்த மஞ்சள் துண்டுகள் இல்லாவிட்டால் அது ஜொன்ஜு பிபிம்பாப் ஆகாது என்பது உள்ளூர்க்காரர் வாதம். இவை எல்லாவற்றுக்கும் மேலே மிளகாயும் சோயாவும் அரிசிமாவும் சேர்த்துப் புளிக்க வைத்த சிவந்த விழுது ஒரு கரண்டி.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தச் சோற்றைப் பல கடைகளில் மாட்டெலும்பு வேகவைத்த சாற்றில்தான் ஆக்குகிறார்கள். மேலே பச்சை மாட்டிறைச்சியும் வைப்பது வழக்கம். என் தோழி மாட்டிறைச்சி தொடாதவள். "கோகி பேஜுசேயோ", அதாவது இறைச்சி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்ற சொற்களை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். கடையிலிருந்த அம்மையார் தலையசைத்து இறைச்சியில்லாமல் கொண்டுவந்து வைத்தார். பாதி சாப்பிட்ட பிறகுதான் சாற்றின் செய்தி எங்களுக்குத் தெரிந்தது. கேட்டது இறைச்சி வேண்டாம் என்று. கொடுத்ததும் இறைச்சி இல்லாமல்தான். கடைக்காரர்மேல் என்ன குற்றம்? மறுநாள் முதல், "வெறும் தண்ணீரில் வெந்த சோறா?" என்று ஒரு தாளில் கொரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அதைக் காட்டிய பிறகே உட்கார்ந்தோம்.

சாப்பாட்டு மேசையில் என்னைக் கவர்ந்தது, கேளாமலே வந்து நிறையும் சின்னச் சின்னத் தட்டுகள். கிம்ச்சி என்னும் புளித்த முட்டைக்கோசு, கீரை வதக்கல், நெத்திலிக் கருவாடு, கடற்பாசி. தீர்ந்தால் மறுபடியும் கொண்டுவந்து வைக்கிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகே இளையவர் தொடுவார்கள். பக்கத்து மேசையில் ஒரு சிறுவன் தகப்பனாரை "அப்பா" என்று அழைத்தான்! நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். கொரிய மொழியில் தந்தைக்கு அதுதான் சொல். தாய்க்கும் நம் சொல்லை ஒட்டியே "ஒம்மா" என்கிறார்கள். இதை வைத்து இரண்டு மொழியும் உறவு என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். மொழி ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. காதுக்கு இனிமையாக இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் தங்கியது ஹனோக் என்னும் பழைய பாணி வீட்டில். சாம்பல் நிற ஓடு, மரத்தூண், காகிதம் ஒட்டிய கதவு. இப்படி எழுநூறு வீடுகள் போல ஒரே இடத்தில் நிற்கின்றன. இவை ஏதோ மன்னர் காலத்து வீடுகள் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. ஜப்பானியர் 1910ஆம் ஆண்டு கொரியாவைப் பிடித்துக்கொண்டனர். அதையொட்டிய ஆண்டுகளில் நகரின் கோட்டை மதிலும் இடிக்கப்பட்டது. நான்கு வாயில்களில் தெற்கு வாயிலான புங்நம்முன் ஒன்றுதான் மிஞ்சியது. மதிலுக்கு வெளியே இருந்த ஜப்பானிய வணிகர்கள் ஊருக்குள் வந்து கடை பரப்பினார்கள். அதைப் பொறுக்காத உள்ளூர் மக்கள் 1930ஆம் ஆண்டுகளில் கிழக்குப் பக்கமாகத் தங்கள் பாணியிலேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்த வீடுகள்தாம் இவை. தரைக்கு அடியிலிருந்து சூடு வருகிறது. முற்காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்குக் கீழே செலுத்திச் சூடேற்றினார்கள், இப்போது சுடுநீர்க் குழாய். வெளியே பல்லைக் கிட்டும் குளிர். உள்ளே தரையில் பாய் விரித்துப் படுத்தால் முதுகுக்கு இதமோ இதம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த வீடுகளுக்கு அருகில் கியொங்கிஜொன் என்ற ஆலயம் இருக்கிறது. கொரியாவை ஐந்நூறு ஆண்டுகள் ஆண்ட ஜொசொன் மரபின் முதல் மன்னர் தேஜோவின் உருவப்படத்தை வைத்து வணங்க 1410ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதன் வளாகத்தில், உயர்ந்த கால்களின் மேல் நிற்கும் ஒரு மரக்கட்டடம். அது ஏட்டுக் களஞ்சியம். இப்போது நிற்பது பிற்காலத்தில் திருப்பிக் கட்டியது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசவையில் நடப்பதையெல்லாம் எழுதிவைக்க ஆட்கள் உண்டு. மன்னர் இறந்தபின் அவர் காலத்து வரலாற்றைத் தொகுப்பார்கள். அவர்கள் எழுதியதை மன்னரே கேட்டாலும் காட்டக்கூடாது. 1404ஆம் ஆண்டு தேஜொங் என்ற மன்னர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும், "எழுதுகிறவனுக்கு இது தெரியவேண்டாம்" என்றார். அவர் விழுந்ததும் ஏட்டில் இருக்கிறது, தெரியவேண்டாம் என்று சொன்னதும் ஏட்டில் இருக்கிறது!

இந்த வரலாற்று ஏடுகளில் நான்கு படிகள் எடுத்து நான்கு ஊர்களில் வைத்திருந்தார்கள். 1592ஆம் ஆண்டு ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது மூன்று இடங்களில் இருந்தவை எரிந்து போயின. மிஞ்சியது ஜொன்ஜுவில் இருந்த படி ஒன்றே. அதையும் நெருப்புக்கு விடாமல் காத்தவர்கள் யார்? படைத்தலைவர்களா? இல்லை. பக்கத்து வட்டாரத்துப் படிப்பாளிகள் இருவர். ஆன் உய் என்பவருக்கு வயது 64, சொன் ஹொங்-ரோக் என்பவருக்கு 56. செய்தி கேட்டதும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ஆலயத்து அதிகாரியோடு சேர்ந்து, அறுநூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களையும் மன்னரின் படத்தையும் மூட்டை கட்டி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நேஜாங் மலைக்குச் சுமந்து போனார்கள். அங்கே ஒளித்து வைத்து, ஓராண்டுக்கு மேல் முறைபோட்டுக் காவல் காத்தார்கள். இன்ன நாள் இன்னார் காவல் என்பதைக்கூட எழுதி வைத்திருக்கிறார் ஆன் உய். போர் முடிந்தபின், 1606ஆம் ஆண்டுக்குள் அந்த ஒரே படியிலிருந்து மற்றப் படிகளை அச்சிட்டு மலைகளில் வைத்தார்கள். அந்த வரலாற்றை உலகின் நினைவுச் செல்வங்களில் ஒன்றாக 1997இல் யுனெஸ்கோ ஏற்றது.

இதை எங்களுக்குச் சொன்னவர் ஆங்கிலம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனம் எங்கள் பள்ளி அலமாரிக்குப் போய்விட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பள்ளிக்கு வந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாதவர். லயத்தில் பிறந்து, எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்து, பிறகு தகப்பனாரோடு வேலைக்குப் போனவர். அடையாளக் கார்டுக்காக, தாம் இங்கே படித்ததற்கு ஓர் எழுத்து வேண்டும் என்றார். அலமாரியைத் திறந்து பார்த்தோம். அவர் காலத்து வருகைப் பதிவேடுகள் கறையான் தின்று மண்ணாகக் கிடந்தன. மீதி, பள்ளிக் கூரை மாற்றிய ஆண்டு எங்கோ கொட்டப்பட்டுவிட்டன. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பரவாயில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்த மரக்கட்டடத்தின் படியில் உட்கார்ந்து என் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் பள்ளியிலும் ஒன்றும் மிச்சமில்லையாம்.

ஆலயத்துக்கு எதிரே சிவந்த செங்கல்லில் ஒரு கத்தோலிக்கக் கோயில், 1914இல் எழுந்தது. 1791ஆம் ஆண்டு தங்கள் சமயத்துக்காக இருவர் கொல்லப்பட்ட இடத்தில் கட்டியது. இடித்த மதிலின் கற்களை அதன் அடித்தளத்துக்கு இட்டிருக்கிறார்கள். மாலை வெயிலில் மிக அழகு. வாடகைப் பட்டாடை உடுத்திய இளம்பெண்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நெல் விளையும் இடத்தில்தான் வரிக்காரன் முதலில் வந்து நிற்பான். இந்த வட்டாரத்தில் கோபு என்ற ஊரின் அதிகாரி, ஏற்கெனவே ஓர் அணை இருக்க, உழவர்களை வேலை வாங்கி இன்னொன்று கட்டி, அந்தத் தண்ணீருக்கும் வரி வைத்தான். முறையிட்டவர்களுக்கு அடிதான் கிடைத்தது. 1893ஆம் ஆண்டுக் கடைசியில் இருபது பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். கையெழுத்துப் போடவேண்டும். முதல் பெயர் யாருடையதோ அவன்தான் தலைவன் என்று பிடித்துப் போவார்களே? ஒரு சோற்றுக் கிண்ணத்தைத் தாளின்மேல் கவிழ்த்து வட்டம் போட்டு, அந்த வட்டத்தைச் சுற்றிப் பெயர்களை எழுதினார்கள். வட்டத்தில் முதல் ஏது, கடைசி ஏது? அந்தத் தாளின் படத்தைக் கண்டு வெகுநேரம் நின்றேன். அப்பெயர்களில் ஒன்று ஜொன் பொங்-ஜுன். கிராமப் பள்ளிக்கூட வாத்தியார். ஆள் குட்டை, அதனால் பச்சைப்பயறு என்று பட்டப்பெயர். பின்னர் பச்சைப்பயறுத் தளபதி என்றே நாடு அவரை அழைத்தது. 1894 மே 31ஆம் நாள் அவர் தலைமையில் உழவர் படை ஜொன்ஜு கோட்டையைப் பிடித்தது. அரசு சமாதானம் பேசியது. சில மாதங்கள் அந்த வட்டார ஊர்களில் உழவர்கள் தாங்களே நிர்வாகம் பார்த்தார்கள். பிறகு ஜப்பானியப் படை வந்தது. துப்பாக்கிகளுக்கு முன் உழவர்கள் ஆண்டு முடிவதற்குள் முறிந்தார்கள். 1895 ஏப்ரலில் அந்த வாத்தியாரைத் தூக்கிலிட்டார்கள். அன்று இரவு சோற்றின்மேல் இருந்த மஞ்சள் பயற்றுத் துண்டுகளை நான் கொஞ்சம் வேறு நினைப்போடுதான் எடுத்தேன்.

மாலையானால் அவ்வூரில் மக்கொல்லிக் கடைகள் நிறைந்துவிடும். அது வெண்ணிறமான அரிசிக் கள். ஒரு கெண்டி கேட்டால் மேசை நிறையத் தட்டுகள் வரும். நாங்கள் வாசலோடு நின்று பார்த்தோம். கள்ளுக்கடையும் சம்சுவும் நம் வீடுகளில் என்ன செய்தன என்று கண்டவளுக்கு உள்ளே போக மனம் வரவில்லை. அங்கே குடும்பமாக உட்கார்ந்து உண்பதையும் பார்த்தேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கடைசி நாள் காலை நம்பு சந்தையில் முளைப்பயற்றுச் சூப்பும் சோறும் சாப்பிட்டோம். அரை வேக்காட்டு முட்டை ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வரும். அதில் சூப்பைச் சில கரண்டி ஊற்றி, வறுத்த கடற்பாசித் தாளைக் கிள்ளிப் போட்டு முதலில் குடிக்கவேண்டும். தெரியாமல் நான் முட்டையைச் சூப்பில் கவிழ்க்கப் போக, கடைக்கார அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திச் செய்து காட்டினார். கூடவே சூடான ஒரு கோப்பை மோஜு. அதே அரிசிக் கள்ளை இஞ்சி, கருவாப்பட்டை, இலந்தை போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்து, போதை பெரும்பாலும் போகச் செய்தது. மோ என்றால் தாய். குடிக்கு அடிமையான மகனுக்காக ஒரு தாய் இப்படிக் காய்ச்சினாள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். வாசம் நம் வீட்டுச் சுக்குக் கஷாயம் போல இருந்தது. நான் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தேன். தோழி ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பாக இருக்கிறதடி" என்றாள். அதற்குள் கடைக்கார அம்மா, கேளாமலே, எங்கள் கிண்ணங்களில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டுப் போனார்.