பதினைந்து விநாடியில் ஒரு வாக்கியம்



தில்லிப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வடக்கே போனால் திமார்ப்பூர். அங்கே லக்னோ சாலையில், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. டிஆர்டிஓ என்றதும் நமக்கு ஏவுகணைதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கூடத்துக்காரர்களுக்கு வேலை மனித குணத்தோடு. பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக டிஐபிஆர். முப்படைகளில் அதிகாரியாக விரும்பும் இளைஞர்களின் குணத்தை எப்படிக் கணிப்பது என்று முறை வகுத்துத் தருகிறவர்கள் இவர்கள்.

உயரத்தை அளக்க நாடா இருக்கிறது. பொறுப்புணர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது? இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. அதுவரை ஒரு சின்ன நேர்காணல்தான்: எந்தப் பள்ளி, அப்பா யார், என்ன விளையாடுவாய்? அப்படி எடுத்தவர்களில் ஏராளமானோர் பயிற்சியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942இல் மனநல மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் கொண்டு புதிய தேர்வு வாரியங்களை அமைத்தார்கள். அவர்களில் ஒருவர் வில்ஃபிரட் பியோன். நம் தில்லிக்குப் பக்கத்தில், மதுராவில் 1897இல் பிறந்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனவர். ஏழெட்டுப் பேரிடம் ஒரு வேலையைக் கொடு, தலைவன் யார் என்று சொல்லாதே, ஒதுங்கி நின்று கவனி. இதுதான் அவருடைய யோசனை. இந்தியாவிலும் 1943இல் டேராடூனில் ஒரு சோதனை வாரியம் அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949இல் உளவியல் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கி, அதுவே வளர்ந்து 1982இல் டிஐபிஆர் என்று பெயர் பெற்றது.

எஸ்எஸ்பி என்று இளைஞர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம் அது. நம் கோயம்புத்தூரிலும் கடற்படைக்கு ஒரு வாரியம் உண்டு. ஐந்து நாள் தேர்வு. முதல் நாளே பலர் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். மிஞ்சியவர்களை மார்பில் கட்டிய எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

உளவியல் தேர்வன்று திரையில் ஒரு சொல் தோன்றும். பதினைந்து விநாடிக்குள் மனத்தில் பட்டதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். உடனே அடுத்த சொல். இப்படி 60 சொற்கள். ‘தோல்வி’ என்று ஒரு சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தோல்வியே வெற்றிக்கு முதல்படி’ என்று எழுதுகிறவரைப் பற்றி உளவியலாளருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அது காலண்டர் வாசகம். ‘தோற்ற அணி மறுநாள் காலையிலேயே மைதானத்துக்கு வந்துவிட்டது’ என்று எழுதுகிறவர் தன்னைக் கொஞ்சம் காட்டிவிடுகிறார். அதுவும் ஒரு வாக்கியத்தை வைத்து இல்லை. அறுபதிலும் திரும்பத் திரும்ப எது தலைகாட்டுகிறது என்பதே கணக்கு. மங்கலான படங்களும் உண்டு. அரை நிமிடம் பார்த்துவிட்டு நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். கடைசிப் படம் வெற்றுத் தாள். கதை எழுத வைக்கும் இந்த முறை, 1935இல் ஹார்வர்டில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மர்ரேயும் உருவாக்கியது.

வெளியே மைதானத்தில் பலகை, கயிறு, மரத்துண்டு. சிவப்பு வண்ணம் பூசிய பகுதியில் படாமல் குழு முழுவதும் அக்கரை சேர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருவர் மட்டும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் கடந்து முடிக்கும்வரை நிற்பார். ஓரமாக நிற்கும் அதிகாரி எதுவும் பேசாமல் குறித்துக்கொள்வார். இன்னொரு அறையில் இன்னோர் அதிகாரி நேர்காணல் நடத்துவார்.

மனம், மொழி, மெய் மூன்றையும் பார்ப்பது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். எழுத்தைப் படித்தவர், பேச்சைக் கேட்டவர், செயலைப் பார்த்தவர் மூவரும் தனித்தனியே மதிப்பெண் போடுவார்கள். கடைசி நாள்தான் கூடிப் பேசுவார்கள். தேடுவது பதினைந்து பண்புகளை. பொறுப்புணர்ச்சி, முன்முயற்சி, விரைந்து முடிவெடுத்தல், துணிவு எல்லாம் அதில் அடக்கம்.

ஏன் பதினைந்து? குணங்கள் மொத்தம் எத்தனை? 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை வர்ணிக்கும் சொற்களாக 17,953ஐப் பொறுக்கினார்கள். நிலையான குணத்தைக் குறிப்பவை என்று அவற்றில் சுமார் 4,500 தேறின. அடுத்து வந்தவர்கள், எந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன என்று புள்ளியியல் கொண்டு கட்டினார்கள். அவர்களில் கேட்டல் என்பவர் 16 என்றார். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆராய்ந்த டியூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் ஐந்து என்றார்கள். இன்று பாடப்புத்தகங்களில் இருப்பது இந்த ஐந்துதான்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம்.

இந்த ஐந்தும் உலகப் பொது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் ஆராய்ந்தபோது இந்த ஐந்து தெளிவாகத் தேறவில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிரீஷ்வர் மிஸ்ராவும் உடன் ஆய்வாளர்களும் இந்திச் சொற்களைக் கொண்டு ஆராய்ந்து, கிடைத்த தொகுப்புகளை சத்துவம், ராஜசம், தாமசம் என்ற முக்குணத்தோடு பொருத்திக் காட்டினார்கள். தமிழ்ச் சொற்களை இப்படி முழுமூச்சாக அலசினால் என்ன வருமோ, ஆவலாகத்தான் இருக்கிறது.

எண்ணிக்கையில் பிணக்கு இருக்கலாம். குணம் என்பது உண்டு, இல்லை என்று பிரிப்பதற்கில்லை. கூடக் குறைய எல்லோரிடமும் இருப்பது என்பதில் பெரும்பாலான உளவியலாளர்கள் ஒத்துப்போகிறார்கள். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் ‘நீங்கள் இந்த வகை’ என்று நாலெழுத்து முத்திரை வருகிறதே, அது பொழுதுபோக்கு. அதற்கு மேல் மதிப்பில்லை.

திமார்ப்பூருக்குப் பக்கத்திலேயே முகர்ஜி நகர்; திரும்பின பக்கமெல்லாம் பயிற்சி மையம். எஸ்எஸ்பிக்கும் நாட்டில் பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. அறுபது சொல்லுக்கும் ஆயத்த வாக்கியம் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் வேஷம் போடலாம். கயிற்றுமுனையில், களைத்துப்போன நான்காம் நாளில், அதே வேஷம் நிற்பது கடினம். கதை எழுதும் தேர்வின் நம்பகத்தன்மை பற்றி உளவியலாளர்களுக்குள்ளேயே சர்ச்சை இருக்கிறது; அந்த ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கினால் நானும் எதிர்ப்பேன். மூன்று பேர் தனித்தனியே கண்டது ஒத்துவருகிறதா என்று பார்ப்பதில்தான் இந்த முறையின் பலம். அப்படிப் பார்த்தும், தேறாதவர் வயது வரம்புக்குள் மறுபடி வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது எஸ்எஸ்பிக்குப் போவதாக இருந்தால், ஆயத்த வாக்கியங்களுக்குக் காசு கட்டாதீர்கள்.