நாலாவது இருக்கை

(தலைப்பு: "சுற்றுலாவின் சுகத்துக்குப் பெரிதும் காரணம் பார்க்கும் இடங்களே! – கூட வரும் நண்பர்களே!" 'கூட வரும் நண்பர்களே' அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய அம்மா தாஜ்மகாலைச் சொன்னார்கள். காஷ்மீரைச் சொன்னார்கள். குற்றாலத்தைச் சொன்னார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். குற்றாலத்துக்குத் தனியாகப் போய்ப் பாருங்கள். முதுகுக்கு எண்ணெய் தேய்க்க ஒரு ஆள் வேண்டாமா? அருவியா வந்து தேய்க்கும்? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் புத்தகத்தில் படித்ததைப் பேச வரவில்லை. நான் போய் வந்ததைப் பேச வந்திருக்கிறேன். போன தை மாதம் ஆஸ்திரேலியாவிலே, மெல்பர்ன் நகரத்திலே, நம்மாட்கள் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் நண்பன் ஒருவன் அங்கே இருபது வருஷமாக எஞ்சினியராக இருக்கிறான். இன்னொரு நண்பர் மதுரையில் டாக்டர். நாங்கள் எல்லாம் ஒரே விடுதி அறையில் ஒரே வாளியில் தண்ணீர் பிடித்த ஆட்கள். டாக்டரும் என்னோடு விமானம் ஏறிவிட்டார். விழா முடிந்ததும் எஞ்சினியர் ஒரு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அதற்குக் கேம்பர் வேன் என்று பேர். நாலு பேர் உட்கார, நாலு பேர் படுக்க வசதியான வண்டி.

நாலு பேருக்கான வண்டியில் மூன்று பேர்தான் போனோம். அந்த நாலாவது ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வண்டி இருக்கிறதே, அது ஒரு வீடு. உள்ளேயே அடுப்பு, உள்ளேயே படுக்கை, உள்ளேயே கக்கூசு. நம்ம ஊரில் வீடு கட்டினவன் நகரமாட்டான், நகருகிறவனுக்கு வீடு இருக்காது. அங்கே வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறான்! தை மாதம் அவர்களுக்குக் கோடைக்காலம். வெயில் நம்ம சித்திரை மாதிரி அடிக்கிறது. டார்க்கீ என்கிற ஊரில் தொடங்கி, கடலை ஒட்டியே மேற்கே போகிற சாலை. கிரேட் ஓஷன் ரோடு என்று பேர். சுமார் 240 கிலோமீட்டர். இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை.

எதிரணி இப்போது கை தட்டலாம். அழகு, அப்படி ஒரு அழகு! ஆனால் நடுவர் அவர்களே, முதல் நாள் அந்த அழகை நான் பார்க்கவே இல்லை. ஏன்? எஞ்சினியர் வீட்டு அம்மா ஒரு பாத்திரம் நிறைய தோசை மாவு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சாலை முழுக்க வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மாவு பொங்குகிறது. நானும் டாக்டரும் கடலைப் பார்ப்போமா, மூடியைப் பிடிப்போமா? (பலத்த சிரிப்பு) லோர்ன் என்கிற ஊருக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் பசிபிக் சமுத்திரமா இந்து சமுத்திரமா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாவு சமுத்திரம்! (கைதட்டல்)

இரவு ஒரு வண்டிப் பூங்காவில் தங்கினோம். நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் தருகிறார்கள். காலையில் ஒரு வேலை வந்தது. வண்டியில் கக்கூசு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதற்குக் கீழே ஒரு தொட்டி. அதை நாமேதான் உருவி, தூக்கிக்கொண்டு போய், அதற்கென்று இருக்கிற இடத்தில் கொட்டிக் கழுவி எடுத்து வரவேண்டும். எஞ்சினியர் வண்டி ஓட்டுகிறவன். மிச்சம் டாக்டரும் நானும். எனக்கு இடுப்பு வலி. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தொட்டியை இழுக்கிறேன். டாக்டர் பார்த்தார். மதுரையிலே அவருக்கு நூறு பேர் வணக்கம் சொல்லுவார்கள். அவர் பையைத் தூக்கவே இரண்டு பேர் இருக்கிறார்கள். "வாத்தியாரே, நகரு. நீ போய்க் காப்பியைப் போடு" என்றார். தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாளும் அவர்தான். என் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நட்புக்கு வள்ளுவர் ஐந்து அதிகாரம் வைத்தார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. நட்பை ஆராய்ந்து பார் என்றே ஓர் அதிகாரம்! எப்படி ஆராய்வது? என்னைக் கேட்டால், ஒரு கேம்பர் வேனில் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போ என்பேன். தொட்டியைத் தூக்கும் நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறான், யார் பல் விளக்கப் போய்விட்டான் என்று தெரிந்துவிடும்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி சொல்லும்: "ஐயா, நண்பர்களை மதுரையிலேயே பார்க்கலாமே, அந்த இடம் இருந்ததால்தானே அவ்வளவு தூரம் போனீர்கள்?" நியாயமான கேள்வி. அப்படியானால் அந்த இடம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

முதல் உலகப் போரிலே ஆஸ்திரேலியர்கள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் செத்துப் போனார்கள். அன்றைக்கு அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஐம்பது லட்சம் வராது. உயிரோடு திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை வேண்டும். செத்துப்போனவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சாலை. 1919-ல் தொடங்கி 1932-ல் முடித்தார்கள். சுமார் மூவாயிரம் சிப்பாய்கள், கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து. இன்றைக்கு நாம் வேனை நிறுத்தித் தூங்குகிற அதே கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, கூட நின்று சண்டை போட்டுத் திரும்பி வராத சகாக்களுக்காக மலையை வெட்டினார்கள்.

நம்மிடத்திலும் இந்த வழக்கம் உண்டு. போரில் விழுந்தவனுக்கு வழியோரத்தில் நடுகல் நட்டவன் தமிழன். நாம் கல்லை நிறுத்தி வைத்தோம். அவர்கள் படுக்க வைத்திருக்கிறார்கள். 240 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற நடுகல் ஐயா அது! (பலத்த கைதட்டல்) ஈஸ்டர்ன் வியூ என்கிற இடத்தில் நினைவு வளைவு இருக்கிறது. பக்கத்திலே வெண்கலச் சிலை. ஒரு ஆளுக்குச் சிலை இல்லை நடுவர் அவர்களே, இரண்டு ஆளுக்கு. வேலை செய்கிற இரண்டு சிப்பாய்கள். எதிரணி கொண்டாடுகிற அந்த இடமே நட்பு போட்ட பிச்சை!

அங்கே ஒரு காலத்தில் டோல்கேட்டும் இருந்தது. 1936-ல் சாலையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தபோது வசூலை நிறுத்திவிட்டார்கள். பாவம், வசூலை நிறுத்தாமலே நடத்துகிற வித்தை அவர்களுக்குத் தெரியவில்லை. (சிரிப்பு) இன்னொரு வேடிக்கை. 1924-ல் கேப் பேட்டன் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் பாறையில் மோதியது. பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் தள்ளினார்கள். என்ன சரக்கு? நிஜமாகவே 'சரக்கு'! ஐந்நூறு பீப்பாய் பீர்! (பலத்த சிரிப்பு) கரையில் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். இரண்டு வாரம் சாலை வேலை நின்றுபோனது என்கிறார்கள். கடல் அன்றைக்கும் அழகாகத்தான் இருந்திருக்கும். எவன் பார்த்தான்?

அடுத்து, இடம் நிலையானது, மனிதர்கள் மாறிப்போவார்கள் என்றார் எதிரணி ஐயா. அந்தச் சாலையில் பெரிய பேர் வாங்கிய இடம் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்'. கடலுக்குள் தூண் தூணாக நிற்கிற சுண்ணாம்புப் பாறைகள். நாங்கள் மூன்று பேரும் எண்ணினோம். டாக்டர் எட்டு என்றார், எஞ்சினியர் ஏழு என்றான். பன்னிரண்டு ஒரு காலத்திலும் இருந்ததே இல்லையாம்! அதிலும் ஒன்று 2005 ஜூலையில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில விநாடியில் இடிந்து விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் லண்டன் பிரிட்ஜ் என்று ஒரு பாறைப் பாலம். 1990 ஜனவரியில் கரையோடு சேர்ந்திருந்த பகுதி விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேர் கடலுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்துதான் தூக்கியது. அதுவரைக்கும் அந்த இரண்டு பேரும் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்? இடத்தையா? இடந்தான் இடிந்து போச்சே! பக்கத்தில் நின்ற ஆளைத்தானே? (கைதட்டல்)

மணி அடித்துவிடாதீர்கள் நடுவர் அவர்களே. வழியில் ஓர் இடத்தைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான் தாண்டினேன்.

இவ்வளவு கதையும் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் அறையில் நாலாவதாக ஒருவன் இருந்தான். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் ஆனான். பழைய காலண்டர் ஒன்றில் வந்த இந்தச் சாலையின் படத்தை வெட்டி மேசையில் ஒட்டி வைத்திருந்தான். எங்கே தங்குவது, எங்கே வளைவு, எந்த வருஷம் என்ன நடந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தான். "டேய், நாலு பேரும் ஒரு தடவை போயிருவோம்டா" என்பான். ஒரு வருஷம் டாக்டர் ஆஸ்பத்திரி கட்டினார். ஒரு வருஷம் என் மகள் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் எல்லாம் கூடி வந்தது. நான்தான் தள்ளிப்போட்டேன். பொங்கலுக்கு எனக்கு நாலு மேடை இருந்தது. "இடம் எங்கேடா ஓடிப் போகுது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன்.

இடம் ஓடிப் போகவில்லை நடுவர் அவர்களே. அந்த ஆவணியிலே அவன் போய்விட்டான். மாரடைப்பு.

நான் அன்றைக்குப் பேசினது எந்த அணிப் பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். எதிரணிப் பேச்சு! இடந்தான் முக்கியம், ஆள் எப்போதும் இருப்பான் என்று நினைத்தவன் பேச்சு. அதனால்தான் இன்றைக்கு இந்த அணியில் வந்து நிற்கிறேன்.

அவன் வீட்டு அம்மா அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். வண்டியில் நாலாவது இருக்கையில் அதைத்தான் வைத்திருந்தோம். லோர்னைத் தாண்டி மவுண்ட் டிஃபையன்ஸ் என்று ஓர் இடம். கீழே செங்குத்தாகக் கடல். அங்கே ஹாவர்ட் ஹிட்ச்காக் என்பவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜீலாங் நகரத்தில் மேயராக இருந்தவர். இந்தச் சாலைக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டி, சொந்தப் பணத்தையும் போட்டவர். டாக்டர் நோட்டைப் பிரித்து அந்த இடத்துக்கு உரிய பக்கத்தை வாசித்தார். அவன் எழுதியிருக்கிறான்: சாலை முடிந்து திறப்பு விழா 1932 நவம்பரில். ஹிட்ச்காக் அந்த ஆகஸ்டிலேயே இருதய நோயில் இறந்துவிட்டார். திறப்பு விழா ஊர்வலத்தில் அவருடைய காரைக் கொண்டுவந்து, ஆளுநர் காருக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார்கள். (அரங்கில் அமைதி)

டாக்டர் மேலே வாசிக்கவில்லை. எஞ்சினியர் இறங்கிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று முப்பது வருஷமாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது பாடமாச்சு. திரும்பி வந்தபோது டாக்டர் அந்த நோட்டைப் பழையபடி நாலாவது இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார். "வண்டியை எடு மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

கூட வந்திருந்தால் அவன் நிச்சயம் குறட்டை விட்டிருப்பான். என்னோடு நாலு சண்டை போட்டிருப்பான். எனக்கு அந்தக் குறட்டை வேண்டும் ஐயா. பாறையையும் கடலையும் எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் இருந்து இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்லி வைத்திருக்கிற ஆள் யாராவது இருந்தால், பட்டிமன்றம் முடிந்ததும் முதல் வேலையாகக் கூப்பிடுங்கள். ஆஸ்திரேலியா வேண்டாம். பக்கத்தில் இருக்கிற கடற்கரைக்குப் போங்கள், சுண்டல் வாங்கித் தின்னுங்கள். ஆனால் போய்விடுங்கள்.

சுற்றுலாவின் சுகத்துக்குக் காரணம் கூட வரும் நண்பர்களே, நண்பர்களே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)