யூனிக்ஸ் நிருவாகம்: கற்கப் புகுவோர்க்கு

பிழைப்பை நாடிப் பெங்களூரு, புனே, ஐதராபாத், தில்லி முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் வேலை தேடுகின்றனர். அவருள் ஒரு சாரார் யூனிக்ஸ் கணினிகளை நிருவகிக்கும் பணியை விரும்புகின்றனர். அவர்கள் எதிரே நிற்கும் கேள்வி இதுதான்: கடன்பட்டேனும் பயிற்சி நிலையத்தில் சேர்வதா, அன்றி வீட்டிலிருந்தே கற்பதா? வெளியூரில் வாடகை கொடுத்து வாழும் குடும்பத்திற்கு இது சிறிய கேள்வியன்று.

யூனிக்ஸ் என்பது 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய இயக்க முறைமை. 1973-இல் அதனைச் 'சி' என்னும் மொழியில் திருத்தி எழுதினர். அதனால் ஒருவகைக் கணினியிலிருந்து மற்றொரு வகைக்கு அதனைக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், புதிதாக எழுதப்பட்டதாயினும், யூனிக்ஸ் நெறியையே தழுவியது. விலையின்றிக் கிடைப்பதால், கற்போர் லினக்ஸில் தொடங்குவதே நன்று.

நிருவாகியின் பணி யாது? பயனர்களுக்குக் கணக்குகளை ஏற்படுத்துதல், வட்டில் இடம் போதுமா என்று கவனித்தல், கோப்புகளைப் படியெடுத்துக் காத்தல், கணினி எழுதிவைக்கும் பதிவேடுகளைப் படித்துக் கோளாற்றின் காரணம் காணுதல் ஆகியவையே அதன் பெரும்பகுதி.

இதற்கான முதல் நூல் கணினிக்குள்ளேயே இருக்கிறது. யூனிக்ஸின் கையேடு 1971 நவம்பரில் முதன்முதல் வெளிவந்தது. 'மேன்' என்னும் கட்டளையை இட்டால் இன்றும் அக்கையேட்டு மரபின் பக்கங்கள் திரையில் விரியும். முதற் பிரிவில் பொதுப் பயனர்க்குரிய கட்டளைகளும், லினக்ஸில் ஐந்தாம் பிரிவில் அமைப்புக் கோப்புகளின் வடிவமும், எட்டாம் பிரிவில் நிருவாகிக்குரிய கட்டளைகளும் உள்ளன. கட்டளையின் பெயர் தெரியாவிடில் 'அப்ரோபோஸ்' என்பதன்பின் பொருளைக் குறிக்கும் ஒரு சொல்லை இட்டுத் தேடலாம். எனினும் கையேடு அகராதி போன்றது. அகராதியை மனப்பாடம் செய்து மொழி கற்றவர் எவருமிலர். ஆதலால் அதனுடன் பாடநூலும் வேண்டும்.

வில்லியம் ஷாட்ஸ் எழுதிய லினக்ஸ் கட்டளைவரி பற்றிய நூல் தொடக்கநிலையினர்க்கு ஏற்றது; அதன் மின்பதிப்பு இலவசம். டெபியன் நிருவாகியின் கைந்நூல் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எவி நெமத் முதலியோர் எழுதிய யூனிக்ஸ் நிருவாகக் கைந்நூல் 1989-இல் முதற் பதிப்பாகவும், 2017-இல் ஐந்தாம் பதிப்பாகவும் வந்தது. அஃது ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. தொடக்கத்திலேயே விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. நூலகத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

தமிழில் வழியுண்டா எனின், உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரலும் காட்சியுமாக வழங்குகிறது. பிற மாநிலங்களில் வளர்ந்து, தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் படிக்க இயலாமலும் உள்ள பிள்ளைகளுக்கு இது பெருந்துணை. ஆயினும் கணினி காட்டும் பிழைச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும். ஆகவே கருத்தைத் தாய்மொழியில் தெளிந்துகொண்டு, கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் அறிந்துகொள்வதே முறை.

நூலறிவு மட்டும் போதாது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவிக்கொள்க. அல்லது இருக்கும் கணினியிலேயே மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்துக்கொள்க. வீட்டாரின் கோப்புகள் உள்ள இடத்தில் பயிலலாகாது. யூனிக்ஸில் 'ரூட்' என்னும் கணக்குக்கு ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உண்டு. அந்நிலையில் 'ஆர்.எம்.' என்னும் கட்டளையைத் தவறான இடத்தில் இட்டால், கோப்புகள் குப்பைத் தொட்டிக்குச் செல்லாமல் அடியோடு நீங்கிவிடக்கூடும். ஆதலால் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்தும் பழக்கம் முதல் நாளிலேயே வரவேண்டும்.

பயிற்சிக்கு ஒரு வழி கூறுவேன். புதிய பயனர் ஒருவரை ஏற்படுத்துக. அவருடைய கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க. பின்னர் மூலத்தை வேண்டுமென்றே அழித்து, படியிலிருந்து மீட்டுப் பார்க்க. மீட்டுப் பார்க்காத படியை நம்புதல் தகாது. நாளை உங்கள் பொறுப்பில் இருக்கப்போவது ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவாகவோ, தொழிலாளரின் ஊதியக் கணக்காகவோ இருக்கலாம். அதனைக் காப்பவர் என்ற நம்பிக்கைக்கே நிருவாகிக்கு ஊதியம் தருகிறார்கள்.

பயிற்சி நிலையங்கள் வேண்டா என்பதன்று என் கருத்து. நேர ஒழுங்கும் உடன் கற்போர் துணையும் சிலர்க்கு இன்றியமையாதன. ஆனால் மூன்று திங்கள் நாளும் ஒருமணி நேரம் வீட்டில் முயன்று பாருங்கள். அதன் பின்னும் ஆர்வம் குன்றாதிருந்தால், எதற்காகப் பணம் செலுத்துகிறோம் என்பதை அறிந்தே செலுத்தலாம். ஆர்வம் குன்றிவிட்டால், குடும்பத்திற்கு ஒரு கடன் மிச்சம்.