எஞ்சினுக்கு ஏற்ற சங்கிலி

பந்தியில் பரிமாறுகிறவரை எல்லோரும் பாராட்டுவார்கள். அடுப்படியில் புகையில் நிற்பவரை யாரும் நினைப்பதில்லை. மோட்டார் கார் எஞ்சினிலும் அப்படி ஓர் உழைப்பாளி உண்டு. எஞ்சினின் சக்தியைக் கூட்ட விரும்புகிற அன்பர்கள் கார்புரெட்டரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். கேம் தண்டைப் பற்றியும் வால்வுகளைப் பற்றியும் விவாதிப்பார்கள். அவற்றையெல்லாம் ஒழுங்காக இயக்குகிற டைமிங் சங்கிலியைப் பற்றிப் பேச்செழுவது அரிது. மூடிக்குள் மறைந்து கிடக்கும் அந்தச் சங்கிலியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

சங்கிலியின் வேலை என்ன? எஞ்சினுக்குள் இரண்டு முக்கியமான தண்டுகள் சுழல்கின்றன. பிஸ்டன்களின் உந்துதலைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறந்து மூட வைப்பது கேம் தண்டு. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதே சங்கிலி. நாட்டியக் கச்சேரியில் நட்டுவனாரின் தாளத்துக்கு இதை ஒப்பிடலாம். ஆடுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், தாளம் பின்தங்கினால் ஆட்டம் கெட்டுவிடும். நிமிஷத்துக்கு 7,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடியில் 58 தடவை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் நேரம் தவறலாகாது.

இன்று எஞ்சின்களில் பரவலாகக் காணும் உருளைச் சங்கிலிக்கு வழி வகுத்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்ஸர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய அவர், 1880-ல் அதை உருவாக்கினார். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் ஓர் உருளை என்பது அதன் அமைப்பு. பட்டறையில் ‘சங்கிலி இழுத்துவிட்டது’ என்று சொல்வார்கள். உண்மையில் எஃகுத் தகடுகள் ரப்பரைப்போல் நீண்டுவிடுவதில்லை. ஊசியும் புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன; ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடுகிறது; எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது.

இந்தச் சிறு நீளத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பல எஞ்சின்களில் கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 9.525 மில்லிமீட்டர். கிராங்க் பற்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு 190.5 மில்லிமீட்டர் ஆகிறது. சங்கிலியின் இழுபடும் பக்கம் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே, கிராங்க் கணக்கில் கேம் தண்டு ஏறக்குறைய 1.9 டிகிரி பின்தங்கிவிடும். மறுபக்கத்தின் தளர்ச்சியை ஒரு டென்ஷனர் அழுத்திப் பிடிக்கலாம், ஓசை அடங்கும். ஆனால் இழந்த நேரம் திரும்பாது. ‘சத்தம் இல்லை, ஆகவே சங்கிலி நன்றாக இருக்கிறது’ என்று எண்ணுவது சரியன்று.

சாதாரண எஞ்சினில் இரண்டொரு டிகிரி பெரிய விஷயமில்லை. மாற்றியமைத்த எஞ்சினில் நிலைமை வேறு. அங்கே வேகம் கூடுகிறது. 5,000 சுற்றிலிருந்து 7,000 சுற்றுக்குப் போனால், வால்வை அசைக்கத் தேவைப்படும் விசை 1.4 மடங்கு அல்ல, ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதனால் வலுவான வால்வு ஸ்பிரிங் போடுகிறோம். வால்வு திறக்கும்போது அந்த ஸ்பிரிங் சங்கிலியை இழுக்கிறது. மூடும்போது அதே ஸ்பிரிங் கேம் தண்டை முன்னே தள்ளுகிறது. சங்கிலி ஒரு கணம் இறுகுகிறது, மறுகணம் தளர்கிறது. மேலும், சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, உயரமாகத் தூக்கும் கேமையும் பொருத்தினால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறுகிவிடுகிறது. கேம் பின்தங்கினால், மூட வேண்டிய புகைபோக்கி வால்வு தாமதிக்கும். மேலேறி வரும் பிஸ்டன் அதை நெருங்கும். இரண்டும் மோதினால், சில நூறு ரூபாய்ச் சங்கிலியால் எஞ்சின் முழுவதும் பாழாகும்.

இந்தப் பிரச்சினையை உற்பத்தியாளர்களே எவ்வாறு கையாண்டார்கள் என்பதற்கு ஏ-சீரிஸ் எஞ்சின் நல்ல உதாரணம். 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடன் பிறந்த அந்தக் குடும்பம், பிறகு மோரிஸ் மைனரிலும், 1959-ல் வந்த மினியிலும் இடம்பெற்று, 2000-ம் ஆண்டு வரை வாழ்ந்தது. சாதாரண வண்டிகளில் ஒற்றை வரிசைச் சங்கிலி இருந்தது. அதன் அதிர்வை அடக்க, கேம் சக்கரத்தின் பக்கங்களில் ரப்பர் வளையங்கள் இருந்தன. அந்த வேலைக்கு அது போதுமானதே. ஆனால் 1963-ல் வேகத்துக்கென்றே கூப்பர் எஸ் உருவானபோது இரட்டை வரிசைச் சங்கிலியைப் பொருத்தினார்கள். 1964-ல் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றது அந்த வண்டி.

அப்படியானால் எல்லோரும் இரட்டைச் சங்கிலியே வாங்கலாமே என்று தோன்றும். அது அவசியமில்லை. இரட்டைச் சங்கிலியில் சுமை இரண்டு வரிசைகளுக்குப் பங்காகிறது, தேய்வு மெதுவாகிறது. ஆனால் எடையும் கூடுகிறது. கார்புரெட்டரும் புகைக்குழாயும் மட்டும் மாற்றி, பழைய ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு, நல்ல தரமான புதிய ஒற்றைச் சங்கிலியும் புதிய பற்சக்கரங்களுமே போதும். கடினமான ஸ்பிரிங், உயர்ந்த கேம், ஓயாத அதிவேகம் ஆகியவை சேரும்போதுதான் இரட்டைச் சங்கிலி தேவையாகிறது. சங்கிலிக்குப் பதில் பற்சக்கரத் தொடர் போடுவாரும் உண்டு. அது நேரத்தை உறுதியாகக் காக்கும், ஆனால் இரைச்சல் மிகுதி, கிராங்கின் அதிர்வையும் கேமுக்குக் கடத்தும். பல்வரிசைப் பெல்ட் இலேசானது, ஓசையற்றது. ஆயினும் எண்ணெயும் கல்லும் படாமல் காக்க வேண்டும், காலத்தில் மாற்றவும் வேண்டும்.

தேர்ந்தெடுப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பொருத்துவதில்தான் பாதி இருக்கிறது. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் தம் பழைய மோரிஸ் மைனரில் 1,275 கன சென்டிமீட்டர் எஞ்சினை அமர்த்தி, இரட்டைச் சங்கிலியும் போட்டார். ஏற்காட்டு மலையில் வண்டி இரண்டாவது கியரிலேயே திணறியது. பட்டறைக்காரரோ, “மார்க்கு மார்க்கோடு சேர்ந்திருக்கிறது, சார். சங்கிலியும் புத்தம் புதுசு” என்று சாதித்தார். மூடியைக் கழற்றியபோது நானும் உடனிருந்தேன். நேர்க்கோலை இரு சக்கரங்களின் முகப்பிலும் வைத்தார்கள். கிராங்க் சக்கரம் சற்று உள்ளே இருந்தது. சங்கிலி சாய்ந்து ஓடி, பக்கத் தகடுகள் உராய்ந்து பளபளத்தன. டிகிரித் தட்டையும் டயல் கேஜையும் பொருத்தி அளந்ததில் கேம் 5 டிகிரி பின்தங்கியிருந்தது. சக்கரத்தின் பின்னால் மெல்லிய தகடுகள் இட்டு நேராக்கினார்கள். ஒருபக்கம் விலகிய சாவித்துண்டைப் போட்டு நேரத்தைத் திருத்தினார்கள். பழைய சங்கிலி பக்கவாட்டில் தேய்ந்துவிட்டதால் புதியது வாங்க நேர்ந்தது. அதன் பிறகு வண்டி அதே மலையில் தயங்காமல் ஏறியது.

சக்கரங்களில் உள்ள குறிகள் தொழிற்சாலை எஞ்சினுக்காக இடப்பட்டவை. வேறு கேம், வேறு சக்கரம், வேறு சங்கிலி என்று ஆனபின் அவற்றை வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிர, முடிவாகக் கொள்ளலாகாது. ஏ-சீரிஸில் இரட்டைச் சங்கிலி போடும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: முன் தகட்டின் போல்ட் தலைகள் சக்கரத்தில் உரசும். அவ்விடத்தில் தலை அமிழும் திருகாணிகளையே போட வேண்டும்.

ஆகவே, மாற்றியமைத்த எஞ்சின் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கடைக்குப் போகுமுன், உங்கள் ஸ்பிரிங் எவ்வளவு வலுவானது, எஞ்சின் எத்தனை சுற்று ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சங்கிலி அதற்குத் தக்கபடி அமையட்டும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் சங்கிலியைப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டுமுன் சங்கிலியை எண்ணெயில் ஊறவிடுங்கள். மூடியை மூடுவதற்கு முன்னால், நேர்க்கோலால் ஒருமுறையும் டிகிரித் தட்டால் ஒருமுறையும் அளந்து பாருங்கள். அந்த ஒரு மணி நேர உழைப்பு, பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து உருவாக்கிய எஞ்சினைக் காப்பாற்றும்.