கனிம ஆய்வும் சுரங்க உரிமையும்

கனிம ஒப்பந்தங்களில் ஆய்வு என்பது தனியான ஒரு சட்ட நிலை. நிலத்துக்கு அடியில் கனிமம் இருக்கிறதா, எங்கே, எவ்வளவு, எந்தத் தரத்தில் என்று கண்டறியும் வேலைகள் எல்லாம் அதில் அடங்கும். கண்டதைத் தோண்டி எடுத்து விற்கும் உரிமை அதில் அடங்காது. அதற்குச் சுரங்கக் குத்தகை வேண்டும். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் இரண்டையும் இப்படித்தான் பிரிக்கிறது.

பிரிப்பதற்குச் சட்டம் நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. படிவுகளைத் தேடவும், இடத்தைக் குறிக்கவும், இருப்பை நிரூபிக்கவும் செய்யும் வேலை ஆய்வு. கனிமத்தை வெட்டி எடுக்கச் செய்யும் வேலை சுரங்கத் தொழில். ஆகவே ஒரே துளையிடும் இயந்திரம் இரண்டு பக்கமும் வரலாம். ஆய்வுத் துளையில் வைரத் துகள் பதித்த குழாய் பாறைக்குள் இறங்கி, ஐந்தாறு சென்டிமீட்டர் பருமனில் உருளை உருளையாகக் கல்லை வெளியே கொண்டுவரும். அந்த உருளைகளைப் பெட்டிகளில் ஆழ வரிசைப்படி அடுக்கி, எத்தனையாவது மீட்டரில் கிடைத்தவை என்று எழுதி, சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தக் கல் ஒரு சான்று மட்டுமே. விற்பனைச் சரக்கு ஆகாது.

சான்றுக்கும் படிகள் உண்டு. 2015-இல் வந்த விதிகள் ஆய்வை நான்காகப் பிரிக்கின்றன. ஜி-4 என்பது மேலோட்டமான பூர்வாங்க ஆய்வு. அங்கிருந்து ஜி-3, ஜி-2 என்று இறங்கி, ஜி-1 என்ற விரிவான ஆய்வில் முடியும். எண் குறையக் குறைய உறுதி கூடும்.

இந்தப் படிகள் வெறும் தொழில்நுட்ப விவரம் என்று கடந்துபோக முடியாது என்பதை மதுரை 2024 இறுதியில் கண்டது. மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர் போனால் அரிட்டாபட்டி. அதையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு, அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. தொகுதியின் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். தமிழக அரசு 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த 193 ஹெக்டேர் நிலமும் அதற்குள் இருந்தது.

ஏலத்தில் போனது கூட்டு உரிமம். முதலில் ஆய்வு, பிறகு சுரங்கம் என்ற இரண்டு கட்டங்களையும் ஒரே கையில் தரும் ஏற்பாடு அது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்தது. ஆய்வுதானே நடக்கப்போகிறது, சுரங்கம் இன்னும் வரவில்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஆய்வை முடித்து, விதிகள் கேட்கும் அளவுக்குக் கனிம இருப்பை நிரூபித்துவிட்டால், சுரங்கக் குத்தகை பெறும் உரிமை அந்த நிறுவனத்துக்கே உண்டு என்று சட்டம் சொல்கிறது. குத்தகைக் காலம் 50 ஆண்டுகள். சுற்றுச்சூழல் அனுமதி போன்றவற்றை வாங்கியாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த நிலத்தின் கனிமத்துக்கு இன்னொருவர் போட்டிக்கு வர முடியாது. மேலூர் வட்டாரத்து மக்கள் ஆய்வுக் கட்டத்திலேயே எதிர்த்து நின்றதில் சட்ட நியாயம் இருந்தது.

நிலத்துக்காரர் நிலையும் கவனிக்கத்தக்கது. ஆய்வு உரிமம் பெற்றவர் அந்த நிலத்துக்குள் நுழைந்து வேலை செய்யச் சட்டத்தின் 24-ஏ பிரிவு இடம் தருகிறது. வீட்டையும் அதை ஒட்டிய முற்றம், தோட்டத்தையும் பொறுத்தவரை, குடியிருப்பவர் சம்மதம் இல்லையென்றால் 7 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நிலத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு.

2024 டிசம்பர் 9 அன்று நாயக்கர்பட்டி ஏலத்துக்கு எதிராகத் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது.

எண்ணெய், எரிவாயுவில் தேடல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. அங்கே அது காலக் கெடுவோடு கூடிய கட்டம். இத்தனை கிணறு தோண்டுவேன் என்ற உறுதிமொழியும் உண்டு. கட்டம் முடியும்போது நிலத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். எண்ணெய் கண்ட பகுதியை வைத்துக்கொள்ளலாம். கண்ட பகுதி எது என்பதில்தான் கோடிகள் புரளும். கிருஷ்ணா - கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 தொகுதியில், 7,645 சதுர கிலோமீட்டர் முழுவதையும் அப்படி அறிவிக்க அனுமதித்தது ஒப்பந்தத்துக்கு முரண் என்று 2011-இல் மத்திய தணிக்கைத் துறை குறை கூறியது.

சுற்றுச்சூழல் விதியும் இங்கே தேடலுக்குத் தனி இடம் தருகிறது. 2020 ஜனவரியில் வந்த திருத்தத்தின்படி, எண்ணெய் தேடும் கிணறுகள் ‘பி-2’ வகை. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. உற்பத்திக்கு வரும்போதுதான் கடுமையான வகை பொருந்தும். ஊருக்குச் செய்தி தெரியவேண்டிய நேரத்தில் மக்கள் கருத்து கேட்கப்படாமலே போவது இந்தத் திருத்தத்தின் குறை.

அதே ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எதிர்த் திசையில் போனது. எண்ணெய், எரிவாயுவை எடுப்பதோடு அவற்றைத் தேடுவதையும் காவிரி டெல்டாவில் தடைசெய்தது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளை மட்டும் விட்டுவைத்தது. மதுரை மாவட்டம் அந்த மண்டலத்தில் இல்லை.