கையைச் சுட்ட டார்ச் லைட்

(பாவூர்சத்திரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வகுப்பறை அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். இப்படிக் கேட்டால் நாம் வெற்றிக் கதையைத்தான் எடுத்து வருவோம். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். மேசையில் இருக்கும் இந்த டார்ச் லைட்டுகள் அதற்குச் சாட்சி.

போன வருடம் எட்டாம் வகுப்பில் குண்டு பல்பையும் எல்.இ.டி.யையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் 'குண்டு பல்பு: சூடாகும்'. அந்தப் பக்கம் 'எல்.இ.டி.: சூடாகாது'. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது, வந்துவிட்டேன். இருபது வருடமாக இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது, எல்.இ.டி. அவ்வளவு நாளாக நம் ஊருக்கு வரவில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து இப்படித்தான் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், எல்.இ.டி. சூடாகாதுன்னு சொன்னீங்கள்லா?"

"ஆமா."

"எங்க தாத்தா டார்ச்சு கையைச் சுடுது டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நானும், "பேட்டரி பழசா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பதில் தெரியாதபோது பேட்டரி மேல் பழி போடுவது சுலபம். மாலையில் அவள் போகாமல் நின்றாள். அப்போதுதான் மிச்சக் கதை வந்தது.

அவள் தாத்தாவுக்குக் கீழப்பாவூர் பக்கம் கத்தரியும் மிளகாயும் போட்ட கொஞ்ச நிலம். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாட்களில் அவர் போய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதற்காகச் சாலையோரக் கடையில் 130 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் டார்ச் வாங்கியிருக்கிறார். பின்பக்கம் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டு வருமே, பிளக்கில் நேராகச் சொருகிச் சார்ஜ் போடும் வகை. கொஞ்ச நேரம் எரிந்தாலே தலைப்பகுதி சுடுகிறது, வெளிச்சமும் மங்குகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறார். பேத்தி சொல்லியிருக்கிறாள்: "எல்.இ.டி. சூடாகாது தாத்தா. எங்க டீச்சரே சொன்னாங்க."

டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது? அவரும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பாதி வழியில் அது மங்கி, பிறகு அடியோடு அணைந்துவிட்டது. வாய்க்கால் வரப்பில் இருட்டில் தடவித் தடவித் திரும்பும்போது கால் பிசகி விழுந்திருக்கிறார். கணுக்காலில் கட்டு. விரியன் நடமாட்டம் உள்ள வரப்பு அது. கால் பிசகோடு போயிற்றே என்று அவள் அம்மா பீடி சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரி, நான் எழுதியதில் என்ன தப்பு? பாதி சரி, அதனால்தான் ஆபத்து. குண்டு பல்பில் நூறு பங்கு மின்சாரம் கொடுத்தால் ஐந்து பங்கு போலத்தான் வெளிச்சமாகும். மிச்சம் வெப்பம். ஆனால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்ந்து முன்பக்கமே போய்விடும். எல்.இ.டி. அப்படியல்ல. முப்பது, நாற்பது பங்கை வெளிச்சமாக்கிவிடுகிறது, நல்ல விஷயம். அந்த வெளிச்சத்தில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லை, அதனால் கையை நீட்டினால் குளுமையாகத் தெரிகிறது. மிச்சம் அறுபது பங்கு எங்கே போகும்? கடுகு அளவு சில்லுக்குள்ளேயே வெப்பமாக உட்கார்ந்திருக்கும். கதிராகப் போக வழியில்லாததால், பின்னால் இருக்கும் தகட்டுக்குக் கடத்தப்பட்டு, அங்கிருந்து டார்ச்சின் உடம்புக்கு வந்து, காற்றில்தான் கலைய வேண்டும். வெளிச்சம் சூடாகாது. விளக்கு சூடாகும். நான் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டேன்.

நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் கையில் இருக்கும் வெள்ளை டார்ச்சும் அந்த நீலம்தான். நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு. சூடு ஏறினால் சில்லின் வெளிச்சமும் குறையும், பூச்சும் சோர்ந்துபோகும். இன்னொன்று, சூடாக ஆக எல்.இ.டி. வழியே மின்னோட்டம் கூடப் பார்க்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று மலிவு டார்ச்சில் பெரும்பாலும் இருக்காது. சூடு மின்னோட்டத்தைக் கூட்டும், மின்னோட்டம் சூட்டைக் கூட்டும்.

இதைக் கரும்பலகையில் எழுதித் திருத்தினால் மறுபடியும் என் வாக்குதான் வேதமாகும். அதனால் வீட்டிலிருக்கும் டார்ச்சுகளைக் கொண்டுவரச் சொன்னேன். பதினொன்று வந்தன. செல் போடும் டார்ச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிளக் ஊசி உள்ளவற்றைத் தனியே வைத்துவிட்டேன், காரணம் பிறகு சொல்கிறேன். மூன்று சின்ன செல் போடும் பிளாஸ்டிக் டார்ச் ஒன்று, அலுமினிய டார்ச் ஒன்று, இரண்டும் பத்து நிமிடம் எரிந்தன. தலைப்பகுதியில் ஆய்வக வெப்பமானியின் குமிழைப் பட்டியால் ஒட்டினோம். வகுப்பறை 32 டிகிரி. பிளாஸ்டிக் 36 காட்டியது. அலுமினியம் 46.

"எந்த டார்ச் நல்லது?" என்றேன். ஒரே குரலில் "பிளாஸ்டிக்!" உங்களிடம் கேட்டிருந்தாலும், நான் இவ்வளவு பேசியிருக்காவிட்டால், அதையே சொல்லியிருப்பீர்கள்.

அணைத்துவிட்டு, முன்மூடியைத் திருகிக் கழற்றி, எல்.இ.டி. ஒட்டியிருக்கும் தகட்டில் வெப்பமானியை வைத்தோம். அலுமினிய டார்ச்சில் உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இல்லை. பிளாஸ்டிக் டார்ச்சில் உள்ளே 60-ஐத் தாண்டிவிட்டது. வகுப்பு அமைதியாகிவிட்டது. வெளியே குளுமையாக இருந்தது நல்ல குணமல்ல, சூடு வெளியே வர முடியாமல் உள்ளேயே வெந்துகொண்டிருந்தது. அலுமினியம் பிளாஸ்டிக்கைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பாடத்தில் நற்கடத்தி, அரிதிற்கடத்தி என்று படித்ததை அவர்கள் அன்றுதான் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

அப்படியானால் தாத்தாவின் டார்ச் பிளாஸ்டிக்தானே, அது ஏன் வெளியே சுட்டது? அந்த மாணவியே கேட்டாள். பிளாஸ்டிக் வழியாகவே கையைச் சுடுகிறது என்றால் உள்ளே என்ன பாடு படும் என்று நீயே யோசி என்றேன்.

வெளிச்சம் குறைகிறது என்பதையும் காட்ட வேண்டுமே. அதற்குக் கருவி வேண்டாம். வெள்ளைத்தாளின் நடுவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டால் எண்ணெய்ப் பொட்டு தனியாகத் தெரியும். இரண்டு பக்கமும் சமமாகப் பட்டால் பொட்டு கிட்டத்தட்ட மறைந்துவிடும். நமக்கு அடுப்பு வழியாகத் தெரிந்த அதே பன்சன் கண்ட உத்தி. சன்னல்களைச் சாத்திவிட்டு, ஒரு பக்கம் மேசை விளக்கை அசையாமல் வைத்தோம். மறுபக்கம் பிளாஸ்டிக் டார்ச்சை 1 மீட்டரில் வைத்தபோது பொட்டு மறையும்படி விளக்கின் தூரத்தைச் சரிசெய்தோம். பதினைந்து நிமிடம் கழித்துப் பொட்டு மறுபடி தெரிந்தது. டார்ச்சை 80 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால்தான் மறைந்தது. வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.64. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போயிருக்கிறது.

உடனே ஒரு பையன் சொன்னான்: "செல்லு தீந்திருக்கும் டீச்சர்." நான் அவளிடம் சொன்ன அதே சாக்கு! ஆனால் அவன் கேள்வியாகக் கேட்டான், நான் முடிவாகச் சொன்னேன். சரி, பார்ப்போம் என்று தலைப்பகுதி சூடாக இருக்கும்போதே புது செல் போட்டோம். 90 சென்டிமீட்டரில் பொட்டு மறைந்தது. அதாவது 0.81. அரைமணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தபோது பழைய 1 மீட்டருக்கே வந்துவிட்டது. பாதிக் குற்றம் செல்லுடையது, பாதி சூட்டுடையது. பையனும் சரி, பெண்ணும் சரி. நான்தான் இரண்டிலும் இல்லை.

இப்போது அந்தப் பிளக் ஊசி டார்ச். தாத்தாவின் டார்ச்சை வாங்கிவந்து வீட்டில் சார்ஜ் போட்டேன். எடுக்கும்போது விரல் இரண்டு ஊசியிலும் பட்டது, சுரீரென்று ஓர் அதிர்ச்சி. பிளக்கிலிருந்து எடுத்த பிறகு! கூடியவரை மலிவாகச் செய்ய, உள்ளே மின்மாற்றி வைப்பதில்லை. ஒரு மின்தேக்கியை வைத்து 230 வோல்ட்டை மட்டுப்படுத்துகிறார்கள். அந்தத் தேக்கியில் நிற்கும் மின்னூட்டம் வடிவதற்கு ஒரு சிறு மின்தடையைச் சேர்க்க வேண்டும். சில காசு மிச்சம் பிடிக்க அதையும் விட்டுவிடுகிறார்கள் போலும். சார்ஜில் இருக்கும்போது மூடியைக் கழற்றினால் உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் வீட்டு மின்சாரத்தையே தொட்டதாகும். அவள் தம்பிக்கு வயது ஐந்து. எதையும் பிரித்துப் பார்க்கும் கை. அதனால்தான் இவ்வகையைத் திறக்கும் செயல்பாட்டை வகுப்பில் வேண்டவே வேண்டாம் என்கிறேன்.

தாத்தா, "நீங்களே நல்லதா ஒண்ணு வாங்கித் தாங்க டீச்சர்" என்று 500 ரூபாயை நீட்டினார். நாலைந்து பிள்ளைகளோடு கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய அட்டையில் '1,00,000 லூமன்' என்று போட்டிருந்தது. பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்தது 700, 800 லூமன். அப்படியானால் இந்தச் சட்டைப்பை டார்ச்சுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டு பல்பு! வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தாலும் 1000 வாட் வேண்டும். அது இஸ்திரிப் பெட்டி கணக்கு. உள்ளே இருந்த செல் 18650 வகை, 3.7 வோல்ட். மேலே '9900 மில்லி ஆம்பியர் மணி' என்று அச்சிட்டிருந்தது. அந்த அளவு செல்லில் நல்ல தயாரிப்பே அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. 2500 என்று வைத்தால் சுமார் 9 வாட் மணி. ஆயிரம் வாட் எடுத்தால் அரை நிமிடத்தில் காலி. பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கடையிலேயே கைக்கணக்காகப் போட்டார்கள். கடைக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை.

வரப்பில் நடக்க நூறு, இருநூறு லூமன் தாராளம். அட்டையை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தோம். தலைப்பகுதி உலோகமா, கையில் கனம் இருக்கிறதா, குறைந்த வெளிச்சம் வைக்க வசதி உண்டா, செல்லைத் தனியே கழற்ற முடியுமா, செல்லில் ஐ.எஸ். 16046 குறி இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு முழு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தோம். தலையிலிருந்து கைப்பிடி வரை சூடு பரவினால் பாதை நன்றாக இருக்கிறது. ஐந்து நிமிடம் காத்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், இது டார்ச்சு. வெந்திருச்சான்னு பாக்க இட்லியா?" என்றார். 480 சொன்னதை 450-க்குக் கொடுத்தார்.

மலிவு டார்ச்சை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? எல்லோராலும் 450 கொடுக்க முடியாது. குறைந்த வெளிச்சத்திலோ விட்டு விட்டோ எரிக்கலாம். எரியும்போது துணியில் கவிழ்த்து வைக்கவோ பைக்குள் போடவோ கூடாது. சார்ஜ் போட்டுக்கொண்டே எரிக்கக் கூடாது, தலையணைப் பக்கத்தில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடக் கூடாது. செல் உப்பியிருந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். செல் போடும் உலோக டார்ச்சாக இருந்து, எல்.இ.டி. தகடு உடம்போடு சரியாகப் படியாமல் இருந்தால், கணினி பழுதுபார்க்கும் கடையில் வெப்பம் கடத்தும் பசை கிடைக்கும். மெல்லிசாகத் தடவி இறுக்கினால் வித்தியாசம் தெரியும். விலை கூடிய சில டார்ச்சுகள் சில நிமிடத்தில் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, சூட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு.

தாத்தா இப்போது வயலுக்குப் போகிறார். போன வாரம் வழியில் பார்த்தபோது, "டீச்சர், இதுவும் சுடத்தான் செய்யுது. ஆனா அணையல" என்றார். பேத்தி தன் நோட்டில் நான் எழுதிக்கொடுத்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எழுதியிருக்கிறாள். அடித்ததில் நான் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

எண்ணெய்ப் பொட்டுத் தாள் நாலு கொண்டுவந்திருக்கிறேன். சன்னல் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சாத்தினால் இப்போதே பார்த்துவிடலாம்.