எழுதிக் கொடுத்த எண்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பசங்களுக்கு உற்சாகமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நான் மெக்கானிக்கல் படித்தவன், மேடைப் பேச்சு வராது. எனக்குப் பிடித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அவர் பெயர் எரிக் பிரௌன். ஸ்காட்லாந்துக்காரர். 1919-ல் பிறந்து 2016-ல், 97 வயதில் காலமானார். பிரிட்டிஷ் கடற்படை விமானி. ஓட்டிய விமான வகைகள் 487. எண்ணிக்கை இல்லை, வகைகள்! விமானந்தாங்கிக் கப்பல்களில் 2,407 முறை இறங்கியிருக்கிறார். இரண்டும் உலக சாதனை. உயரம் 5 அடி 7 அங்குலம்தான் என்பதால் 'விங்கிள்' என்று பட்டப்பெயர். அது ஒரு சின்னக் கடல் நத்தையின் பெயர். நம்ம ஊர்ல அது நல்ல உயரம்தான்!

இரண்டாம் உலகப் போரில் 'ஆடாசிட்டி' என்ற சிறு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து, இரண்டு ஜெர்மன் காண்டார் விமானங்களை வீழ்த்தினார். 1941 டிசம்பரில் அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. குளிர்ந்த கடலில் கிடந்து உயிர் தப்பிய சிலரில் இவர் ஒருவர். பிறகு ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை விமானியானார். ஜெட் விமானத்தை முதன்முதலாகக் கப்பலில் இறக்கியவரும் இவர்தான், 1945 டிசம்பர் 3-ல். இதெல்லாம் வீரக்கதை. நான் சொல்ல வந்தது வேறு.

1944 தொடக்கம். ஜெர்மனி மேல் குண்டு போடப் போகும் அமெரிக்க விமானங்களுக்குக் காவலாகப் போர் விமானங்கள் உயரத்தில் பறக்கும். எதிரியைப் பார்த்து அவை தலைகீழாகப் பாய்ந்தால் சில சமயம் மேலே எழும்பாமல் போய்விடும். காரணம், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று விலக நேரமில்லாமல் இறக்கை மேல் அதிர்வலையாகக் கட்டிக்கொள்ளும். மூக்கு கீழே இழுக்கும், ஸ்டிக் கையில் கல்லாக நிற்கும். அமெரிக்கத் தளபதி டூலிட்டில் ஃபார்ன்பரோவின் உதவியைக் கேட்டார். பிரௌனும் சகாக்களும் மூன்று விமானங்களையும் அந்த எல்லைவரை பாய்ச்சிப் பார்த்தார்கள். ஒலியின் வேகம் மாக் 1 என்றால், விமானியால் சண்டை போட முடிகிற எல்லை லைட்னிங்குக்கு 0.68, தண்டர்போல்ட்டுக்கு 0.71, மஸ்டாங்குக்கு 0.78. எதிரி விமானங்களுக்கு 0.75.

முதல் இரண்டும் அமெரிக்கா ஆயிரக்கணக்கில் செய்து குவித்தவை. அவை இந்த வேலைக்கு ஆகாது என்று எழுதிக் கொடுப்பது சாதாரண விஷயமா? எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண்களை வைத்துத்தான் டூலிட்டில் மஸ்டாங்குக்காக வாதாடினார் என்று பிரௌன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. 1946 செப்டம்பர் 27-ல் வாலில்லாத டிஎச் 108 ஜெட் விமானம் வானத்திலேயே சிதறி, அதைச் செய்த கம்பெனி முதலாளியின் மகன் ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் இறந்தார். காரணம் கண்டுபிடிக்க அதே வகையில் ஏறியவர் பிரௌன். விமானம் மேலும் கீழுமாகக் குலுங்க, தாடை நெஞ்சில் இடித்தது. பதறாமல் வேகத்தையும் ஸ்டிக்கையும் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார், குலுக்கல் நின்றது. ஜெஃப்ரி உயரமானவர், அவர் தலை கூரையில் மோதியிருக்கும், தன்னைக் காப்பாற்றியது தன் குள்ளம்தான் என்பது பிரௌனின் கணிப்பு. கட்டிய மூன்று டிஎச் 108-களும் கடைசியில் விமானியோடு விழுந்தன. மற்ற இரண்டு விபத்துகளும் 1950-ல்.

இவரை எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், என் கதை அப்படி. கல்லூரி முடித்த இரண்டாம் வருஷம், ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு. புது மோட்டார் 500 மணி நேரம் ஓட வேண்டும். 410-ல் பேரிங் சூடாகிக் கத்த ஆரம்பித்தது. சரக்கு அனுப்பும் தேதியோ வந்துவிட்டது. "500-னு எழுதிடுப்பா, பாத்துக்கலாம்" என்றார்கள். எழுதினேன். கையெழுத்து என்னுடையது. அந்தக் கோடையில் மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு விவசாயி மோட்டாரைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாழை காய்ந்துவிட்டதாம். சண்டை போடவில்லை. "தம்பி, ஓட்டிப் பாத்துத்தானே அனுப்புனீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பிரௌனைப் பற்றிப் படித்தது அதற்குப் பிறகுதான். இன்றும் சோதனைப் பிரிவில்தான் இருக்கிறேன், வேறு கம்பெனி. 410-ல் நின்றால் 410 என்று எழுதுகிறேன். அதனால் ஒரு பதவி உயர்வு தள்ளிப்போனது. வீட்டில் கொஞ்சம் வருத்தம்.

இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபில்தான். விடை 0.98 வரணும் என்று தெரியும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து, பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவோம். சிரிக்கிறீர்களே, இப்பவும் நடக்குதா?

லேப் சார் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், 2008-ல் நான் கொடுத்த வெஞ்சுரிமீட்டர் ரெக்கார்டுக்கு நீங்கள் 'மிக நன்று' போட்டீர்கள். அதில் ஒரு ரீடிங்கும் நான் எடுத்ததில்லை.